மருந்துப் பயிரின் வீரியத்தை வேரடி நுண்ணுயிர்களைக் கொண்டு பேணும் முறை: தருமபுரி, கிருஷ்ணகிரி நிலங்களுக்கான வழிகாட்டி

மருந்துக்கூர்க்கன் (கோலியஸ்) கிழங்கு விற்பனைக்குப் போகும்போது எடைக்கு அடுத்தபடியாகக் கேட்கப்படும் கேள்வி, அதில் போர்ஸ்கோலின் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பதுதான். நிலவேம்பில் ஆண்ட்ரோகிராபோலைடு, அமுக்கராக் கிழங்கில் விதனோலைடுகள், துளசியில் யூஜினால் கலந்த எண்ணெய் என்று ஒவ்வொரு மூலிகைக்கும் அதன் பயனைத் தாங்கி நிற்கும் வேதிப்பொருள் ஒன்றோ சிலவோ உண்டு. ஒரே தாய்ச்செடியில் வெட்டிய தண்டுகளைப் பாலக்கோட்டில் ஒருவரும் அரூரில் ஒருவரும் நட்டு, ஒரே வயதில் தோண்டினாலும் அந்தப் பொருளின் அளவு இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. மண்ணும் நீரும் வெயிலும் அறுவடைக் காலமும் இதற்குக் காரணம் என்பதை உழவர்கள் அறிவார்கள். வேரைச் சுற்றியும் வேருக்குள்ளேயும் குடியிருக்கும் பூசணங்களுக்கும் பாக்டீரியாக்களுக்கும் இதில் பங்கு உண்டு என்பதும், அந்தப் பங்கை ஓரளவு நம் கைக்குள் கொண்டுவர முடியும் என்பதும் இன்னும் பரவலாகப் பேசப்படவில்லை. செய்முறையை முதன்மையாகக் கொண்டு, அதற்கு வேண்டிய அளவுக்குக் காரணங்களையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

நுண்ணுயிர் எப்படிச் செடியின் வேதியியலைத் தொடுகிறது

வேரை ஒட்டிய மெல்லிய மண்படலம் மற்ற மண்ணைவிட நுண்ணுயிர் செறிந்தது என்பதைக் கவனித்து, 1904ஆம் ஆண்டு அதற்கு ‘ரைசோஸ்பியர்’ என்று பெயரிட்டவர் ஜெர்மானிய அறிஞர் லோரென்ஸ் ஹில்ட்னர். செடி தன் இலையில் சமைத்த சர்க்கரையில் ஒரு பகுதியை வேர் வழியாக வெளியே விடுகிறது. அதை உண்டு வாழும் உயிர்கள் பதிலுக்குச் செடிக்குச் சில வேலைகளைச் செய்கின்றன. மருந்துப் பொருளைப் பொறுத்தவரை அந்த வேலைகள் மூன்று வழிகளில் நடக்கின்றன.

முதல் வழி ஊட்டம். வேர் உட்பூசணம், அதாவது கடைகளில் ‘வாம்’ என்றும் ‘மைக்கோரைசா’ என்றும் விற்கப்படும் பூசணம், வேருக்குள் நுழைந்து தங்கி, தன் நுண்ணிழைகளை வேர் எட்டாத தொலைவுக்கு அனுப்பி மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) துத்தநாகத்தையும் நீரையும் கொண்டுவருகிறது. டெர்பீன் என்னும் இயற்கைச் சேர்மக் குடும்பத்தின் கட்டுமானக் கற்கள் மணிச்சத்து ஏறிய மூலக்கூறுகள் என்பதால், ஊட்டம் மாறினால் அவற்றின் உற்பத்தியும் மாறுகிறது. போர்ஸ்கோலினும் ஆண்ட்ரோகிராபோலைடும் டெர்பீன் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

இரண்டாவது வழி எச்சரிக்கை. வேரில் குடியேறும் நல்ல நுண்ணுயிரையும் செடி முதலில் ஓர் அந்நியனாகவே உணர்ந்து, ஜாஸ்மோனிக் அமிலம் போன்ற உட்செய்திகளை எழுப்புகிறது. மூலிகைகளின் மருந்துப் பொருள்களுள் பெரும்பாலானவை பூச்சியிடமிருந்தும் நோயிடமிருந்தும் தன்னைக் காத்துக்கொள்ளச் செடி உண்டாக்குபவை என்பதால், அந்தச் செய்தி எழும்போது அவற்றைக் கட்டும் மரபணுக்களும் விழித்துக்கொள்கின்றன.

மூன்றாவது வழி நேரடி மாற்றம். இதற்கு நமக்கு மிகவும் பழக்கமான வெட்டிவேரே சான்று. நுண்ணுயிர் ஏதும் இல்லாமல் திசு வளர்ப்பு முறையில் வளர்க்கப்பட்ட வெட்டிவேரில் எண்ணெய் மிகமிகக் குறைவாகவே உண்டானது. வேருக்குள் வாழும் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்து இத்தாலிய ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வு, அவை வெட்டிவேர் எண்ணெயின் செஸ்குவிடர்பீன்களை (டெர்பீன் குடும்பத்தின் ஒரு பிரிவு) வேறு சேர்மங்களாக மாற்றும் திறன் கொண்டவை என்று காட்டியது. செடியும் அதன் வேரில் வாழும் உயிர்களும் சேர்ந்து உண்டாக்கும் மணம் அது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. எந்தப் பூசணமும் எந்தச் செடிக்கும் நன்மை தரும் என்று எண்ணிவிடக் கூடாது. திருநீற்றுப்பச்சையின் ஒரு வகையான இனிப்புத் துளசியில் மூன்று வகை வேர் உட்பூசணங்களை 2006இல் ஒப்பிட்டபோது, கிகாஸ்போரா ரோசியா என்ற ஒன்று இலையின் எண்ணெய்ச் சுரப்பிகளையும் எண்ணெயையும் கூட்டியது. மற்றவற்றின் விளைவு அதே போல் இருக்கவில்லை. ஆகவே பொட்டலத்தின் மேல் ‘மைக்கோரைசா’ என்று எழுதியிருப்பது மட்டும் போதாது. மருந்துக்கூர்க்கனைப் பொறுத்தவரை நமக்கு உறுதியான சான்று ஒன்று இருக்கிறது. லக்னோவிலுள்ள மத்திய மருத்துவ, நறுமணப் பயிர் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட முடிவின்படி, குளோமஸ் ஃபாசிகுலேட்டம் என்ற பூசணத்தையும் நன்மை செய்யும் சூடோமோனாஸ் பாக்டீரியா ஒன்றையும் சேர்த்து இயற்கை முறை வயலில் இட்டபோது, வேர் நோய்கள் குறைந்ததோடு கிழங்கு விளைச்சலும் போர்ஸ்கோலின் அளவும் உயர்ந்தன. இந்தக் கட்டுரையின் செய்முறை பெரும்பாலும் இந்தக் கூட்டணியை ஒட்டியே அமைகிறது.

முதலில் மண்ணைப் பார்க்க வேண்டும்

பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி, ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டை வட்டாரங்களில் செம்மண் நிலங்கள் மிகுதி. அங்ககச் சத்து குறைந்த இந்த மண்ணில் நுண்ணுயிரை வெறுமனே கொட்டுவதால் பயன் இல்லை. உண்ண ஏதும் இல்லாத இடத்தில் அது தங்காது. எனவே நடவுக்கு முன்பே ஏக்கருக்கு நான்கைந்து டன் மக்கிய தொழுவுரம் சேர்ந்திருக்க வேண்டும். பச்சைச் சாணத்தை இடுவது வேரழுகலை வலிய அழைப்பதாகும்.

அடுத்ததாக மண் பரிசோதனை. அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது மணிச்சத்தின் அளவை. ஹெக்டேருக்கு 11 கிலோவுக்குக் குறைவு என்றால் குறைவு, 11 முதல் 22 வரை நடுத்தரம், 22க்கு மேல் மிகுதி என்பது நம் மாநிலத்தில் வழக்கத்திலுள்ள அளவுகோல். மணிச்சத்துக்குத் தட்டுப்பாடு வரும்போதுதான் செடி தன் வேரிலிருந்து ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருளைக் கசியவிட்டுப் பூசணத்தை அழைக்கிறது. மணிச்சத்து நிறைந்த மண்ணில் அந்த அழைப்பு தணிந்துவிடும். தக்காளிக்கும் காய்கறிக்கும் ஆண்டுதோறும் டிஏபி என்ற மணிச்சத்து உரத்தைப் போட்டுப் பழகிய நிலமாக இருந்தால் மணிச்சத்து மிகுதியாக இருக்க வாய்ப்பு உண்டு. அப்படிப்பட்ட நிலத்தில் வேர் உட்பூசணத்துக்குச் செலவிடும் பணம் வீணாகலாம். முதல் ஆண்டு மணிச்சத்து உரத்தை நிறுத்திவிட்டு, தானியப் பயிர் ஒன்றை எடுத்து அந்த இருப்பைக் குறைப்பது மேல்.

முன்பயிரும் கணக்கில் சேரும். கேழ்வரகு, சாமை, சோளம், மக்காச்சோளம், கொள்ளு, தட்டைப்பயறு ஆகியவற்றின் வேர்களில் வேர் உட்பூசணம் நன்றாகப் பெருகும். கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோஸ், பீட்ரூட் ஆகியவை அந்தப் பூசணத்தோடு உறவு கொள்ளாத குடும்பங்களைச் சேர்ந்தவை. நீண்ட நாள் தரிசாகக் கிடந்த நிலத்திலும் பூசண இருப்பு குறைந்திருக்கும். நம் பகுதியில் கேழ்வரகில் கொள்ளோ அவரையோ ஊடுபயிராக விதைக்கும் பழைய முறை மூலிகைக்கு முன்னோடியாக மிகப் பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து. பயறு வகையின் வேர்முடிச்சு ஒன்றை நகத்தால் கிள்ளிப் பார்த்தால், உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அங்கே தழைச்சத்து (நைட்ரஜன்) நிலைநிறுத்தம் நடக்கிறது என்று பொருள். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் அது வேலை செய்யாத முடிச்சு. மண் எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் செலவில்லாமல் காட்டும் எளிய சோதனை இது.

வேர் உட்பூசணத்தை வீட்டிலேயே பெருக்குதல்

சாணமும் கோமியமும் வெல்லமும் கலந்து புளிக்கவைக்கும் ஜீவாமிர்தத்திலோ மீன் அமிலக் கரைசலிலோ வேர் உட்பூசணத்தைப் பெருக்க முடியும் என்று சிலர் நம்புகிறார்கள். உயிருள்ள வேர் இல்லாமல் அந்தப் பூசணம் வளராது. டிரம்மில் அது பெருகாது. ஜீவாமிர்தத்துக்கு வேறு பயன்கள் இருக்கலாம், இந்த வேலைக்கு மட்டும் அது உதவாது. ஒரு கிலோ நல்ல பூசண உரத்தை வாங்கி, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் குழி முறையில் மக்காச்சோள வேரில் பெருக்கிக்கொள்வதே சரியான வழி. வாங்கும்போது காலாவதித் தேதியையும், பூசணத்தின் பெயர் அச்சிடப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கடையில் வெயில்படும் இடத்தில் அடுக்கி வைத்திருந்த பொட்டலத்தை வாங்காதீர்கள்.

ஆடிப்பட்டத்தில் நடவு என்றால் சித்திரைத் தொடக்கத்திலேயே குழி தயாராக வேண்டும். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் ஆழத்தில் நிழல் விழாத இடத்தில் குழி எடுத்து, கறுப்பு பாலிதீன் தாளை விரிக்க வேண்டும். நாற்றுப் பண்ணைகளுக்குப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும் வெர்மிகுலைட் 50 கிலோவோடு, ஆவியில் வேகவைத்து ஆறவிட்ட மண் 5 கிலோவைக் கலந்து 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்புக. மண்ணைப் பெரிய இட்லிப் பானையில் ஒரு மணி நேரம் ஆவியில் வைத்து, ஒரு நாள் விட்டு மீண்டும் ஒருமுறை வைத்தால் அதிலுள்ள நோய்ப் பூசணங்களும் நூற்புழுக்களும் ஒழியும். பிறகு ஒரு கிலோ பூசண உரத்தை மேற்பரப்பிலிருந்து 2 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் சீராகத் தூவி மூடி, மக்காச்சோளத்தை நெருக்கமாக விதைக்க வேண்டும். விதைகள் பூஞ்சாண மருந்து பூசப்படாதவையாக இருப்பது முக்கியம். கடையில் வாங்கும் வீரிய ஒட்டு விதைகள் பெரும்பாலும் சிவப்பு நிற மருந்து பூசியே வரும், அவை இதற்கு ஆகா.

விதைக்கும்போது யூரியா 2 கிராம், சூப்பர் பாஸ்பேட் 2 கிராம், பொட்டாஷ் 1 கிராம். பின்னர் 30ஆம் நாளும் 45ஆம் நாளும் யூரியா 10 கிராம் வீதம் இட்டால் போதும். பயிர் வெளுத்திருக்கிறதே என்று மேலும் உரமிட்டால் நோக்கம் கெடும். 60 நாள் நெருங்கும்போது சில நாள் நீரை நிறுத்தினால் பூசணம் வித்துகளை மிகுதியாக உண்டாக்கும். அதன்பின் தட்டையை வெட்டி அகற்றிவிட்டு, வேரைத் துண்டு துண்டாக நறுக்கி அந்தக் கலவையோடு சேர்த்து நிழலில் உலர்த்தினால் ஏறத்தாழ 55 கிலோ பூசண உரம் கிடைக்கும். நாற்றங்காலில் ஒரு சதுர மீட்டருக்கு 100 கிராம், பாலிதீன் பைக்கு 10 கிராம் என்ற கணக்கில் இது பல உழவர்களுக்குப் போதுமானது. பக்கத்துத் தோட்டத்தாரோடு பகிர்ந்துகொண்டால் செலவு இன்னும் குறையும்.

நாற்றங்காலும் நடவும்

பூசணம் சேர வேண்டிய இடம் வயலைவிட நாற்றங்கால்தான். இளவேர் பிடிக்கும் நேரத்தில் அருகில் வித்து இருந்தால் குடியேற்றம் விரைவில் நடக்கும். தென்னை நார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டில் வளர்ந்த நாற்றில் இயற்கையான வேர் உட்பூசணம் ஏறக்குறைய இருக்காது என்பதால், அத்தகைய நாற்றுக்கு இதைச் சேர்ப்பது மேலும் தேவை. மருந்துக்கூர்க்கனுக்கு 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளமும் மூன்று நான்கு கணுக்களும் கொண்ட நுனித் தண்டுகளை வெட்டி, பாத்தியில் 2, 3 சென்டிமீட்டர் ஆழத்தில் பூசண உரத்தைப் பரப்பி, அதன் மேல் ஊன்ற வேண்டும். நிலவேம்பு, துளசி, அமுக்கரா ஆகியவற்றுக்கும் விதைப்பு வரிசையின் அடியில் இதே முறை பொருந்தும்.

ஏறத்தாழ ஒரு மாதத்தில் வேர்பிடித்த நாற்றை எடுக்கும்போது, லிட்டருக்கு 10 கிராம் வீதம் சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் கரைத்த நீரில் வேரை அரை மணி நேரம் நனைத்து நடுக. இதற்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரைக் குழாயிலிருந்து பிடித்த உடனே பயன்படுத்த வேண்டாம். அதில் கிருமி நீக்கத்துக்காகக் குளோரின் கலந்திருக்கும். அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்த நீரோ கிணற்று நீரோ நல்லது.

வயலில் 60க்கு 45 சென்டிமீட்டர் இடைவெளியில் பார் பிடித்து நடும் முறையே மருந்துக்கூர்க்கனுக்கு ஏற்றது. நடவுக்கு இரண்டு வாரம் முன்பே நோய்ப் பூசணங்களை அடக்கும் பூசணமான டிரைக்கோடெர்மா விரிடியை ஏக்கருக்கு ஒரு கிலோ வீதம் 20 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து, ஈரச்சாக்கு போர்த்தி நிழலில் வைத்திருந்து கடைசி உழவில் இட வேண்டும். பாக்டீரியா உரங்களான அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா இரண்டையும் ஏக்கருக்கு நான்கு பொட்டலம் வீதம் தனியாக எருவில் கலந்து மாலையில் தூவுக. எல்லாவற்றையும் ஒரே குவியலில் கலந்து இட்டுவிடும் பழக்கத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் டிரைக்கோடெர்மா மற்றப் பூசணங்களைத் தாக்கி வாழும் இயல்புடையது.

மருந்துக்கூர்க்கனில் இழப்பை உண்டாக்கும் பெரும் பகை வேரழுகலும் வேர்முடிச்சு நூற்புழுவும் ஆகும். இதை எடை இழப்பு என்று மட்டும் பார்ப்பது போதாது. போர்ஸ்கோலின் கிழங்கின் சதை முழுதும் சமமாகப் பரவியிருப்பதில்லை. மேல்தோலை ஒட்டிய தக்கை உயிரணுக்களில் நுண்ணிய எண்ணெய்த் துளிகளாகச் சேர்ந்திருக்கிறது. நூற்புழுவும் அழுகலும் முதலில் சிதைப்பது அந்தத் தோலைத்தான். எனவே ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கை அடியுரமாக இடுவதும், வரப்போரத்திலும் இடையிடையேயும் செண்டுமல்லி வைப்பதும் மருந்துச் சத்தைக் காக்கும் வேலைகளே. அறுவடையின்போதும் இதை மறக்கக் கூடாது: கிழங்கைத் தேய்த்துக் கழுவித் தோலை உரித்துவிட்டால் மருந்தின் நல்ல பகுதி கழுநீரோடு போய்விடும். மண்ணை உதறி, மெல்ல அலசி, நறுக்கி, கடும் சூடு படாமல் உலர்த்த வேண்டும்.

வளரும் பருவத்தில் செய்யக் கூடாதவை சில உண்டு. ஓர் இலை வாடியதும் வேரடியில் காப்பர் ஆக்சிகுளோரைடு, கார்பன்டசிம் போன்ற பூஞ்சாண மருந்தை ஊற்றினால் நாம் வளர்த்த உயிர்களும் சேர்ந்து மடியும். நோய்ச் செடியைப் பிடுங்கி எரித்துவிட்டு அந்த இடத்தில் மட்டும் மருந்து இடுவது நல்லது. தழைச்சத்தை அள்ளிப் போட்டால் இலை தழைக்கும், மருந்துப் பொருள் நீர்த்துப்போகும். நீரும் அப்படியே, பாரின் அடியில் நீர் தேங்கி நின்றால் காற்றின்றிப் பூசணம் தளரும்.

பூசணம் வேரில் இறங்கியதா என்று பார்த்தல்

வேர் உட்பூசணம் கண்ணுக்குத் தெரியாது. செடி செழித்திருப்பதை வைத்து அது வந்துவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது. 1998இல் வெளியான எளிய சாயமேற்றும் முறை ஒன்று இருக்கிறது. அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் ஆய்வகத்தில் ஆசிரியர் துணையோடு இதைச் செய்யலாம். நட்டு 45 நாள் ஆனபின், மயிர் போன்ற நுண்வேர்களை மட்டும் பத்துச் செடிகளிலிருந்து எடுத்து அலசி, ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்ட வேண்டும். அவற்றை 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில், வேர் வெளுத்துக் கண்ணாடிபோல் ஆகும்வரை சில நிமிடம் கொதிக்கவைக்க வேண்டும். இது தோலையும் கண்ணையும் அரிக்கும் காரம் என்பதால் கையுறையும் கண்ணாடியும் இன்றித் தொடவே கூடாது. நன்றாக அலசியபின், வினிகரில் 5 சதவீதம் பேனா மை கலந்த கரைசலில் மூன்று நிமிடம் கொதிக்கவைத்து, சில துளி வினிகர் விட்ட நீரில் ஊறவைத்தால் மிகைச் சாயம் வெளியேறிவிடும்.

நுண்ணோக்கியில் வேரின் வெளிறிய உடலுக்குள் சாயமேறிய இழைகள் நீளவாக்கில் ஓடுவதும், இடையிடையே உருண்டையான பைகளும், உயிரணுவுக்குள் சிறு மரம் போலக் கிளைத்த புதர்களும் தெரியும். அந்தப் புதர்கள்தாம் பண்டமாற்று நடக்கும் இடம்; அவை தென்பட்டால் உறவு உயிரோடு இருக்கிறது. நூறு வேர்த்துண்டுகளைப் பார்த்து எத்தனையில் பூசணம் இருக்கிறது என்று எண்ணி, பூசணம் இடாத பாத்தியின் எண்ணிக்கையோடு ஒப்பிட வேண்டும்.

மருந்துச் சத்து மாறியதா என்று அறிதல்

வயலின் ஒரு பகுதியில் எதுவும் இடாத பட்டைகளை விட்டுவைக்காமல் நுண்ணுயிரின் பயனைப் பற்றி யாராலும் நேர்மையாகப் பேச முடியாது. நிலத்தின் ஒரு மூலையை மட்டும் ஒதுக்கினால் அந்த மூலையின் மண்ணே வேறாக இருக்கக்கூடும்; ஆகவே இட்ட பட்டை, இடாத பட்டை என்று மாறி மாறி மூன்று இணைகளாவது அமைய வேண்டும். மற்ற எருவும் நீரும் இரண்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும். பாசன நீர் இடாத பட்டையிலிருந்து இட்ட பட்டைக்குச் செல்லுமாறு வாய்க்காலை அமைத்தால் நுண்ணுயிர் கலந்துவிடாமல் இருக்கும்.

ஏறத்தாழ ஆறாம் மாதம் அறுவடை செய்யும்போது, ஓர வரிசைகளை விட்டுவிட்டு ஒவ்வொரு பட்டையிலும் பத்துச் செடிகளை ஒரே நாளில் தோண்டி, ஒரே முறையில் உலர்த்தி, எடை பார்த்து, பொடித்துக் கலந்த மாதிரியிலிருந்து 100 கிராமைக் காற்றுப் புகாத உறையில் இட்டு, என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசியத் தர அங்கீகார அமைப்பு) சான்று பெற்ற ஆய்வகத்துக்கு, சேர்மங்களைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். துளசிக்கும் வெட்டிவேருக்கும் நீராவியில் வடித்த எண்ணெயின் அளவோடு அதன் சேர்மங்களின் விகிதத்தையும் கேட்பது நல்லது, ஏனெனில் எண்ணெய் கூடாமலே அதன் தன்மை மாறியிருக்கலாம்.

சதவீதத்தையும் எடையையும் பிரித்துப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. கணக்குக்காக ஒரு கற்பனை எண்ணை எடுத்துக்கொள்வோம்: இடாத பட்டையில் ஏக்கருக்கு 800 கிலோ உலர் கிழங்கு, அதில் 0.5 சதவீதம் போர்ஸ்கோலின் என்றால் மொத்தம் 4 கிலோ. இட்ட பட்டையில் 900 கிலோ விளைந்து சதவீதம் 0.42ஆக இறங்கினால் மொத்தம் 3.78 கிலோதான். கிழங்கு கூடியும் மருந்து குறைந்துவிட்டது. எடைக்கு விலை தரும் ஒப்பந்தத்தில் இது உழவருக்கு ஆதாயமாகத் தோன்றலாம். சதவீதத்துக்கு விலை தரும் ஒப்பந்தத்தில் இழப்பு. ஒப்பந்தம் எதை வைத்து விலை சொல்கிறது என்பதை விதைக்கும் முன்பே எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

ஓர் ஆண்டின் முடிவை வைத்து உறுதி சொல்ல இயலாது. மழை மாறினால் விடையும் மாறும். இரண்டாவது ஆண்டும் அதே பட்டைகளை வேறு இடத்தில் அமைத்துப் பார்த்து, சந்தேகம் இருந்தால் மண் அறிக்கையையும் பரிசோதனை அறிக்கையையும் எடுத்துக்கொண்டு பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தையோ பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்தையோ அணுகலாம். இரண்டு ஆண்டும் இட்ட பட்டைக்கும் இடாத பட்டைக்கும் வேறுபாடே தெரியவில்லை என்றால், வேர்ச் சாயச் சோதனையின் விடையை எடுத்துப் பாருங்கள். இடாத பட்டையின் வேரிலும் பூசணம் அதே அளவு இருந்தால், அந்த நிலத்தின் சொந்தப் பூசணமே போதுமானதாக இருக்கிறது. அடுத்த ஆண்டு அதற்கான பணத்தைத் தொழுவுரத்துக்கும் கொள்ளு விதைக்கும் செலவிடலாம். இரண்டிலும் பூசணம் இல்லை என்றால், மணிச்சத்து மிகுதியா, வாங்கிய உரம் உயிரற்றதா, வேரடியில் யாரேனும் பூஞ்சாண மருந்து ஊற்றினார்களா என்ற மூன்று கேள்விகளை அதே வரிசையில் கேட்டு விடை கண்ட பிறகே அடுத்த குழிக்கு மக்காச்சோளம் விதைக்க வேண்டும்.